பதினான்காம் எண்ணும் முப்பத்தொன்றாம் எண்ணும்

அத்தியாயம் 12

மதுரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஆவுடையம்மாள் ராஜபாளையத்தில் இறங்கியபோது மணி ஏழே கால். ஞாயிற்றுக்கிழமை. டீக்கடைகளில் கூட்டம் இருந்தது. அவளுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அதுவும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு நடந்தாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் தன் கல்யாணத்தைத் தானே நிறுத்தியவள் அவள். அத்தை மகன் சுயம்புலிங்கம் ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருக்கிறான். அவனுக்குத்தான் இவள் என்று சிறு வயதிலிருந்தே இரண்டு வீட்டிலும் பேச்சு. அந்தப் பேச்சில் அவளுக்கு மறுப்பு இல்லை. சொல்லப்போனால், மறுப்பு இல்லை என்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

ஆனால் அக்கா சந்தனத்தின் மகள் கருத்தம்மாவுக்கு ஐந்து வயது. பிறந்ததிலிருந்து காது கேட்காது. சந்தனம் கட்டியிருப்பது தாய்மாமன் காசிராஜனை. குழந்தைக்கு ஏன் இப்படி என்று தேடப்போன ஆவுடை, குடும்பத்தில் நாற்பத்தாறு பேரின் விவரத்தைச் சேகரித்துப் பல்கலைக்கழகக் கணினியில் ஏற்றினாள். அம்மா வழியில் ஒருவர், அப்பா வழியில் ஒருவர், ஆக இரண்டு பேர் முந்தைய தலைமுறைகளில் பிறவிச் செவிடு. இரண்டு பக்கமும் இருக்கிறது, அதனால் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அவளே சொன்னாள். கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

இன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏட்டு சிவனாண்டியின் மகள் வெள்ளைத்தாயைச் சுயம்புலிங்கத்துக்கு நிச்சயம் செய்கிறார்கள். முறைப்பெண் இருக்கும்போது வெளியே பெண் எடுத்தால், முறைப்பெண் வீட்டார் வந்து ஒரு வெற்றிலைத் தட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். அந்தத் தட்டு கைமாறிய பிறகுதான் மற்றத் தட்டுகள் மாறும். நேரம் பத்தரை.

அப்பா இல்லாத வீடு. தட்டைக் கொடுக்க வேண்டியவர் காசிராஜன் மாமா. ஆவுடை வரவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வரவேண்டாம் என்றுதான் அம்மா கடிதம் போட்டிருந்தாள்.

இருந்தும் வந்துவிட்டாள். பைக்குள் ஒரு தாள் இருந்தது.

*

அந்தத் தாள் நேற்று மதியம் வந்தது.

பல்கலைக்கழகத்தில் அவள் வேலை பார்க்கும் இடம் இரண்டே அறை. செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போகவேண்டும். உள்ளே குளிர், ஐந்து கணினிகள், அவற்றின் இரைச்சல். பகல் முழுவதும் அவள் வாய் திறப்பது அதிகமாகப் போனால் நாலு முறை.

எலியோ எருமையோ நெல்லோ மனிதனோ, எதுவானாலும் உயிருக்குள்ளே இருக்கும் செய்தி நான்கே எழுத்துகளில்தான் எழுதப்பட்டிருக்கிறது. எங்கெங்கோ உள்ள ஆராய்ச்சிக்கூடங்கள் அந்த எழுத்து வரிசைகளைப் படித்துப் பொதுக் களஞ்சியங்களுக்கு அனுப்புகின்றன. அவை குறுந்தகட்டில் மதுரைக்கு வரும். புதிதாக ஒரு வரிசை கிடைத்தால், அதைப் பழையவற்றோடு எழுத்துக்கு எழுத்து வைத்துப் பார்ப்பது ஆவுடையின் வேலை. எங்கே ஒத்துப்போகிறது, எங்கே ஓர் எழுத்து மாறியிருக்கிறது, எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கவேண்டும். நெருங்கிய உயிர்களுக்கு மாற்றம் குறைவாக இருக்கும். தூரத்து உயிர்களுக்கு அதிகம். பெண் கொடுக்கும்போது உறவுமுறை பார்ப்பது மாதிரிதான்.

அதற்கு முன்னால் ஒரு துப்புரவு வேலை உண்டு. ஒரே மரபணுவை இரண்டு ஊர்க்காரர்கள் தனித்தனியே படித்து இரண்டு பெயரில் அனுப்பியிருப்பார்கள். கணினிக்கு அவை இரண்டு. அப்படியே விட்டால் ஒன்றை இரண்டாக எண்ணி, இல்லாத பலத்தை ஒரு முடிவுக்குக் கொடுத்துவிடும். அந்த இரட்டைகளைப் பிடிக்க அவள் ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தாள். நேற்றுக் காலை அது பதினொரு இரட்டைகளைப் பிடித்தது.

பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்தது. விடுதிக்குப் போனால் திங்கட்கிழமை வரை பேச ஆள் கிடையாது. அதனால் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்கார்ந்திருந்ததால், அந்த நிரலைக் கொஞ்சம் மாற்றிக் குடும்பக் கோப்பின் மேல் ஓட்டிப் பார்த்தாள். ஊர், பிறந்த வருஷம், இறந்த வருஷம், காது. நான்கும் ஒத்துப்போகும் ஆட்கள் யாராவது உண்டா?

திரையில் ஒரே ஒரு வரி வந்தது. 14, 31.

பதினான்காம் எண், அம்மாவின் சின்னையா. அம்மாவின் அப்பாவுக்குத் தம்பி. பெயர் தெரியாது. சொன்னது அம்மா. முப்பத்தொன்றாம் எண், தவசிமுத்து. அப்பா வீட்டு ஆள். சொன்னது சுயம்புவின் அம்மா, அத்தை அழகுத்தாய். ‘தனுஷ்கோடியில புயல் அடிச்ச வருஷம் செத்தாவ’ என்று அத்தை சொல்லியிருந்தாள். ‘எனக்குக் கல்யாணமாகி மறு வருஷம் போய்ச் சேந்தாவ’ என்று அம்மா சொல்லியிருந்தாள். இரண்டும் அறுபத்துநாலு.

இரண்டு ஆட்களாகவே இருக்கலாம். ஒரே ஊரில் ஒரே வருஷம் காது கேளாத இருவர் சாகக்கூடாது என்று சட்டமில்லை. ஆனால் அது ஒரே ஆளாக இருந்தால்? அப்பா வீட்டில் பிறவிச் செவிடு என்று யாருமே இல்லை. சுயம்புவை வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணமே இல்லை.

அது ஒரே ஆளாக இருக்கவேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். அந்த ஆசைதான் பயமாக இருந்தது. ஒரு விடையின் மேல் ஆசை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டால் அந்த விடைதான் வரும்.

அச்சு இயந்திரம் கரகரவென்று அந்த ஒரு வரியை அடித்துத் தள்ளியது.

*

அம்மா பாலம்மாள் அடுப்படியில் இருந்தாள். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கருத்தம்மா கிரைண்டரின் பக்கவாட்டில் கன்னத்தை ஒட்டவைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அது அதிர்வது அவளுக்குப் பிடிக்கும்.

“நீ எதுக்கு பாப்பா வந்த? வராதன்னு எழுதுனேனே.”

அப்பாவைப் பெற்றவள் பெயர் ஆவுடையம்மாள். மாமியார் பெயரை அம்மா வாயால் சொல்லமாட்டாள். அதனால் இருபத்தைந்து வருஷமாகப் பாப்பாதான்.

“சும்மாதான். மாமா எங்க?”

“சலூனுக்குப் போயிருக்காவ. தட்டு கொடுக்கப் போறதுக்கு இவுக மாப்பிள்ளை கணக்கா கிளம்புறாவ.”

ஆவுடை முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்ன கேட்பது என்று பஸ்ஸில் மூன்று மணி நேரம் யோசித்திருந்தாள். எதையும் எடுத்துக்கொடுக்கக் கூடாது. அம்மாவாகவே சொல்லவேண்டும்.

“அம்மா, உங்க சின்னையா ஒருத்தர் இருந்தாவல்ல, காது கேக்காதவிய. ஆளு எப்படி இருப்பாவ?”

“நல்ல நாளும் பொழுதுமா அதையா கேக்க?”

“சொல்லும்மா.”

“எப்படி இருப்பாவ, எல்லாரும் மாதிரிதான். செவப்பு. நல்ல ஒசரம். பஞ்சுப் பேட்டையில வேலை. கோவம் எம்புட்டு வரும்னு நினைக்க? ஆனா கையை ஓங்க மாட்டாவ. சோத்துத் தட்டத் தூக்கி வாசல்ல வச்சிருவாவ. அம்புட்டுத்தான் அவிய கோவம்.”

“வேற?”

“வேறன்னா? எடது கையில சுண்டுவிரல் நுனி கிடையாது. பஞ்சரைக்கிற மிஷின் கடிச்சிட்டு.”

ஆவுடை முறத்தைக் கீழே வைத்தாள். சுண்டுவிரல் கதையை அத்தையும் சொல்லியிருந்தாள். அதை அவள் எழுதிவைக்கவில்லை. விரலுக்கென்று அவள் கோப்பில் கட்டம் இல்லை.

“அவிய பேரு என்னம்மா? அன்னைக்குக் கேட்டதுக்கும் நீ சொல்லல.”

“எப்படிச் சொல்லச் சொல்லுத? எங்க மாமனாருக்கும் அதே பேரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து எங்க சின்னையாவையும் நான் பேரு சொன்னது கிடையாது.”

மாமனார் என்றால் ஆவுடையின் தாத்தா. அவர் பெயர் தவசிமுத்து.

“அப்போ அத்தை ஏன் அவியள எங்க வீட்டு ஆளுன்னு சொன்னாவ?”

“வேற எப்படிச் சொல்லுவாவ? உங்க தாத்தா கூடப்பிறந்த தங்கச்சியத்தான கட்டுனாவ எங்க சின்னையா. பிள்ளை இல்ல. வீட்டோட மாப்பிள்ளையா அங்கேயே இருந்துட்டாவ. அந்த உறவுலதான் என்னையும் இந்த வீட்டுல கேட்டு வந்தாவ. முப்பது வருஷம் ஒரே உலையில சோறு தின்னவியள வெளியாளுன்னு எவ சொல்லுவா?”

ரத்த உறவா என்று அத்தையிடம் ஆவுடை ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. எங்க வீட்டு ஆளு என்றதும் தாத்தாவுக்குச் சித்தப்பா மகன் என்று கோடு போட்டுவிட்டாள். மற்றவர் வீட்டுக் கணக்கு என்றால் கேட்டிருப்பாள். தன் வீடு என்பதால் தெரியும் என்று இருந்துவிட்டாள்.

“அம்மா, நான் ஒருத்தரை ரெண்டு பேரா எழுதிட்டேன்.”

அம்மா கிரைண்டரை நிறுத்தினாள். கருத்தம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள்.

“அப்பா வீட்டுல அந்தக் குறை யாருக்கும் கிடையாது. இருந்தது உங்க சின்னையா ஒருத்தருக்குத்தான்.”

நல்ல செய்தி என்று அம்மா முகம் முதலில் மலர்ந்தது. பிறகு மெல்ல மாறியது. ஆவுடை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா அதிகம் படித்தவள் இல்லை. ஆனால் கணக்கு வரும்.

“அப்போ எல்லாம் எங்க வழியில வந்ததுதானா?”



இந்தக் குறை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் வெளியே தெரியாது. பெற்ற இருவரிடமிருந்தும் வந்து ஒரு குழந்தையிடம் சேர்ந்தால்தான் காது கேட்காது. காசிராஜன் மாமாவுக்கு அது அவர் வீட்டு வழியில் வந்தது. சந்தனத்துக்கு அப்பாவிடமிருந்து வந்ததோ அம்மாவிடமிருந்து வந்ததோ, சொல்ல முடியாது என்று மூன்று வாரத்துக்கு முன் ஆவுடை சொல்லியிருந்தாள். அந்தச் ‘சொல்ல முடியாது’ என்பதைத்தான் வீட்டில் எல்லோரும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தாய்மாமனைக் கட்டியதால் வந்த வினை என்று நிச்சயமாகச் சொல்வதற்கில்லை அல்லவா.

இப்போது அநேகமாக நிச்சயம்.

“ஏட்டி, நல்லா இருக்குடி உன் கணக்கு.”

சந்தனம் நிலைப்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. குளித்த தலையில் துண்டு சுற்றியிருந்தாள்.

“என் பிள்ளைக்கு உன் கம்ப்யூட்டர்ல என்ன நம்பரு?”

“அக்கா...”

“சொல்லு. நம்பர் இருக்கும்ல.”

“நாப்பத்தாறு.”

“கடைசி நம்பர். சரி. போன தடவ ரெண்டு பக்கம்னு சொன்ன, எழுதிக்கிட்டோம். இந்தத் தடவ ஒரு பக்கம்னு சொல்லுத, அதையும் எழுதிக்கிடுதோம். உனக்குத் தோதா முடிஞ்சிருக்கு. நிச்சயம் நடக்குற அன்னைக்குக் காலையில.”

அது ஆவுடை தன்னையே கேட்டுக்கொண்ட கேள்விதான்.

சந்தனம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். குழந்தை தோளுக்கு மேல் எட்டிப்பார்த்து, சித்திக்குக் கையை ஆட்டியது.

அம்மா மாவை வழித்தாள். வழித்த இடத்தையே திரும்பத் திரும்ப வழித்தாள்.

“பாப்பா, ஒண்ணு கேக்கேன். இன்னைக்கு எங்க தம்பிகிட்ட சொல்லாத. தட்டு கொடுத்துட்டு வந்து பொறவு பேசிக்கிடலாம்.”

“தட்டு கொடுத்த பொறவு பேசி என்னம்மா?”

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எனக்குத் தெரியுது. தெரிஞ்சுதான் கேக்கேன்.”

*

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் இடம் கிடைத்தது. அம்மா ஜன்னலோரம், நடுவில் ஆவுடை, இந்தப் பக்கம் காசிராஜன் மாமா. சந்தனம் வரவில்லை.

மாமா நூல் மில்லில் பிட்டர். கையில் எண்ணெய்க் கறை எப்போதும் போகாது; இன்று சீயக்காய் போட்டுத் தேய்த்திருந்தார். வெற்றிலைத் தட்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். அப்பா போன பிறகு, ‘பொம்பளைப்பிள்ளைக்கு எதுக்கு மதுரையில படிப்பு’ என்று கேட்டவர்களை எல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பியவர் அவர்.

“நீ வந்தது நல்லது பாப்பா. ஊர் வாயை அடைச்சாப்புல. முறைப்பொண்ணே வந்து நிக்கா பாருன்னு சொல்லுவாக.”

“ம்.”

“மூஞ்சிய மட்டும் கொஞ்சம் சிரிச்சாப்புல வையி. ஏட்டு வீடு வேற. விசாரணைக்கு வந்தவ கணக்கா இருக்க.”

அவள் சிரித்தாள். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. மில்லில் புதிதாக வந்த ஜெர்மன் மிஷினைப் பற்றிச் சொன்னார். அதைத் திறக்கவே கூடாது என்று கம்பெனிக்காரன் சொன்னதையும், அன்று மதியமே இவர் திறந்துவிட்டதையும் சொன்னார். கண்டக்டர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு மாமா குரலைத் தணித்தார்.

“உங்க அம்மா இருக்கா, அவளும் கேக்கட்டும். ரெண்டு பக்கமும் இருக்குன்னு நீ சொன்ன பாரு. அன்னைக்குத்தான் உங்க அக்கா முகத்தை நான் நேரா பாத்தேன். அஞ்சு வருஷமா பாக்கல. நான் வேண்டாம் வேண்டாம்னு சொன்னவன், உங்க அப்பாதான் விடல. இருந்தாலும் கட்டுனது நான்தான. பிள்ளை என்னால இப்படி ஆச்சோன்னு... நீ சொன்ன பொறவு ஒரு ஆறுதல். படிச்ச பிள்ளை வீட்டுல இருந்தா அதுதான்.”

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தென்னந்தோப்புகள் போய்க்கொண்டிருந்தன. அதற்குப் பின்னால் மலை.

பஸ் நிறைய ஆட்கள். ஒருபுறம் அம்மாவின் தோள், மறுபுறம் மாமாவின் தோள். இருவருக்கும் நடுவில் இடிபட்டு உட்கார்ந்திருந்தபோது, மதுரையில் அந்தக் குளிர்ந்த அறையில்கூட இவ்வளவு தனியாக இருந்ததில்லை என்று ஆவுடைக்குத் தோன்றியது.

பேசாமல் இருந்துவிடலாம். இருந்துவிட்டால் மாமாவுக்கு அந்த ஆறுதல் நிற்கும். அக்காவும் மாமாவும் முகம் பார்த்துக்கொள்வார்கள். கோப்பில் முப்பத்தொன்றாம் எண் அப்படியே கிடக்கும். கணினி கேட்காது. நஷ்டம் ஒரு ஆளுக்குத்தான். அந்த ஆள் தானாக இருப்பதால், யாரையும் கேட்கவேண்டியதில்லை.

ஒரு ஆளுக்குத்தானா? சுயம்புவையும் சேர்த்தால் இரண்டு. அவனைச் சேர்க்கலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் மனசைப் பற்றி அவளிடம் எந்த விவரமும் இல்லை.

*

ஏட்டு சிவனாண்டி வீட்டு வாசலில் சின்னதாகப் பந்தல் போட்டிருந்தார்கள். வத்திராயிருப்பிலிருந்து அத்தை வீட்டார் வேனில் வந்து இறங்கியிருந்தார்கள். மணி பத்து.

அத்தை அழகுத்தாய் ஆவுடையைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. கடைசியில், “சாப்பிட்டியா?” என்றாள்.

“சாப்பிட்டேன் அத்தை.”

“பொய் சொல்லுத.”

உள்ளே ஜமுக்காளம் விரித்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து அறையில் பெண்கள். அந்த அறைக்குள் பச்சைப் பட்டில் வெள்ளைத்தாய் உட்கார்ந்திருப்பது கதவிடுக்கில் தெரிந்தது. நல்ல முகம். யாரோ பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். வலிக்கிறது போலும், சிரித்துக்கொண்டே தலையைச் சாய்த்தாள்.

ஆவுடை வீட்டின் பக்கச் சந்துக்கு வந்துவிட்டாள். அங்கே அடிபம்பு ஒன்று இருந்தது. சைக்கிள் ஒன்று சாத்தியிருந்தது. கூட்டத்தில் அவளுக்கு மூச்சு முட்டும். அது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் சுயம்புலிங்கம் நேரே அங்கே வந்தான்.

வெள்ளைச் சட்டை, புது வேட்டி. வேட்டி பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஒரு கையால் பிடித்துக்கொண்டே நின்றான்.

“வந்துட்ட.”

“ம்.”

“ஊர் ஆளுக ஆளுக்கொண்ணு சொல்லுதாக. கம்ப்யூட்டர் என்னை வேண்டாம்னுட்டுன்னு. எங்க பட்டாளத்துல ஒருத்தன் கேக்கான், ஏலே, மிஷின்கூட உன்னைக் கட்ட மாட்டேன்னுட்டாமேன்னு.”

அவள் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திக்கொண்டான்.

“ஆவுடை, எங்க வேலையில ஒரு முறை இருக்கு. ஒரு செய்தி வந்தா, அதை அப்படியே திருப்பிச் சொல்லி, சரிதானான்னு அந்தப் பக்கம் கேக்கணும். சரின்னு சொன்ன பொறவுதான் மேற்கொண்டு. எம்புட்டு அவசரம்னாலும் அதை விடக்கூடாது. உன் செய்தி வந்தன்னைக்கு நான் கேக்கல. கோவத்துல இருந்துட்டேன்.”

“ம்.”

“இப்பக் கேக்கேன். ரெண்டு பக்கமும் இருக்கு, அதனால வேண்டாம். சரிதானா?”

அடிபம்பின் வாயிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சரி என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அவன் போய்விடுவான். அம்மா கேட்டதும் நடக்கும். அந்த வார்த்தையைச் சொல்வதற்கு அவள் வாயைத் திறந்தாள்.

“தப்பு” என்றாள்.

அவன் நகரவில்லை.

“மிஷின் ஒண்ணும் சொல்லல அத்தான். நான் கொடுத்ததை அது கூட்டிச்சு. நான் தப்பாக் கொடுத்துட்டேன். அத்தை சொன்ன தவசிமுத்துத் தாத்தாவும் எங்க அம்மாவோட சின்னையாவும் ஒரே ஆளு. நான் ரெண்டு ஆளா எழுதிட்டேன். உங்க ரத்தத்துல அந்தக் குறை இருக்குன்னு சொல்ல எந்த ஆதாரமும் இல்ல. அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை கட்டுனா பொதுவா உள்ள பயம் கொஞ்சம் இருக்கும். அதுக்கு மேல இல்ல.”

இவ்வளவு நீளமாக அவள் அவனிடம் பேசியதில்லை.

“எப்பத் தெரியும்?”

“நேத்து சந்தேகம். இன்னைக்குக் காலையில நிச்சயம்.” நிறுத்தி, தரையைப் பார்த்துச் சொன்னாள்: “இது இப்படித்தான் இருக்கணும்னு எனக்கு ஆசை. அதனால நாலு தடவை சரிபாத்தேன்.”

அவன் முகத்தில் என்ன வந்தது என்று அவள் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. அவன் வேட்டியைப் பிடித்திருந்த கையை மாற்றிக்கொண்டு சொன்னான்.

“வெள்ளைத்தாய் எனக்கு ஒரு லெட்டர் போட்டிருக்கு. நானும் பதில் போட்டேன். நல்ல பிள்ளை. அது ஒரு தப்பும் பண்ணல.”

“தெரியும்.”

“ஏன் ஆவுடை மூணு வாரம் முந்தி இதை...”

அவன் முடிக்கவில்லை. சந்தின் முனையில் காசிராஜன் மாமா நின்றிருந்தார். தட்டு அவர் கையில் இருந்தது, துண்டை அவிழ்த்துவிட்டிருந்தார். வெற்றிலை, பாக்கு, தேங்காய், மஞ்சள். நேரமாகிவிட்டது என்று அழைக்க வந்திருக்கவேண்டும்.

“அப்போ எங்க வழிதான்” என்றார்.

“மாமா...”

“நானும் எங்க அக்கா மகளும். வேற யாரும் இல்ல.”

“அநேகமா மாமா. ஆனா யார் மேலயும் தப்பு இல்ல. யாருக்கும் தெரியாதே.”

அவர் தலையாட்டினார். புரிந்தது என்றா, போதும் என்றா, சொல்ல முடியாது. பம்பு மேடையில் மெதுவாக உட்கார்ந்தார். சீயக்காய் போட்டுத் தேய்த்த கைகள் தட்டின் விளிம்பைப் பிடித்திருந்தன. சுயம்புலிங்கம் அருகில் போனான். மாமா கையை ஆட்டி, வேண்டாம் என்றார்.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. “முறைப்பொண்ணு வீட்டாரைக் கூப்பிடுங்கப்பா. செத்த நேரந்தான் இருக்கு.”

“உங்க அம்மா இதைச் சொல்லாதன்னு சொன்னாளா?” மாமா கேட்டார்.

“ஆமா.”

“நீ சொல்லிட்ட.”

“ஆமா.”

அவர் எழுந்தார். தட்டை அவளிடம் நீட்டினார். அவள் வாங்காமல் நின்றாள்.

“பிடி. என்னால கொடுக்க ஏலாது. கொடுக்காதன்னு சொல்லவும் எனக்கு வாயில்ல. உரிமை என்னுது இல்ல, உன்னுது. கொடுத்தாலும் சரி, திருப்பிக் கொண்டுவந்தாலும் சரி, நான் ஏன்னு கேக்க மாட்டேன்.”

தட்டு கனமாக இருந்தது. சுயம்புலிங்கத்தை ஒருமுறை பார்த்தாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாய் திறந்து ஏதாவது சொல்வான் என்று காத்தாள். அவன் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

ஆவுடை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. காசிராஜன் எங்கே என்று யாரோ பின்னால் எட்டிப்பார்த்தார்கள். ஏட்டு சிவனாண்டி எழுந்து கை கூப்பினார். அத்தை அழகுத்தாய் நகர்ந்து இடம் விட்டாள். அம்மா, பெண்கள் பக்கம் சுவரில் சாய்ந்தபடி, மகள் கையில் தட்டு இருப்பதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பக்கத்து அறைக் கதவு அகலத் திறந்திருந்தது. அங்கிருந்து ஆவுடையின் முகத்தைப் பார்த்த வெள்ளைத்தாய், பாதி வைத்த பூவோடு, மெதுவாக எழுந்து நின்றாள்.